பசுமைப் படிப்பு: முதல் மாதச் சம்பளமும் முதல் மாதத் தவணையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் சுற்றுச்சூழல், சஸ்டைனபிலிட்டி (இயற்கையைக் கெடுக்காமல் தொழில் நடத்துவது) படிப்புகளுக்கு இனி நல்ல காலம் என்று வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். அதில் எழுதியிருந்தது பொய் என்று சொல்ல வரவில்லை. அந்தப் படிப்பைப் படித்து முடித்த ஒரு பெண்ணுக்குத் தகப்பன் நான். கட்டுரையில் இரண்டு எண்கள் இல்லை. படித்து முடித்த பிள்ளை முதல் வருடம் கையில் வாங்கும் சம்பளம் எவ்வளவு, கடன் வாங்கிப் படித்திருந்தால் மாதாமாதம் கட்ட வேண்டிய தவணை எவ்வளவு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வங்கியில் கையெழுத்துப் போட்டோம், அதனால் எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இந்த வருடம் பிள்ளையைச் சேர்க்கப் போகிற யாருக்காவது பயன்பட்டால் போதும்.

எங்களுக்குக் குலசேகரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் ரப்பர். காலையில் நானே பால் வெட்டுவேன், பகலில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுவேன், வீட்டில் தையல் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தோட்டத்தில் 110 மரம் போனது. மகள் அப்போது பிளஸ் டூ. மரம் விழுந்ததை விட அவளை உலுக்கியது அவளுடன் படித்த கடற்கரைப் பிள்ளையின் வீடு. அந்தப் பிள்ளையின் அப்பா ஆழ்கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. குழித்துறை ரயில் நிலையத்தில் கடற்கரை ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து, காணாமல் போனவர்களைத் தேடித் தாருங்கள் என்று கேட்டார்களே, அன்றைக்கு இவளும் போனாள். புயல் எச்சரிக்கை ஏன் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, கடல் ஏன் இப்படிச் சூடாகிறது என்று அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம். 2018ல் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தாள், நாகர்கோவிலில், பஸ்ஸில் போய் வந்தாள், செலவு பெரிதாகத் தெரியவில்லை. அப்புறம் 2021ல் வெளியூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ., சஸ்டைனபிலிட்டி மேனேஜ்மென்ட்.

அந்தப் பல்கலைக்கழகத்தை நாங்கள் கண்டது நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கல்விக் கண்காட்சியில். வழவழப்பான புத்தகம் ஒன்று கொடுத்தார்கள், அட்டையில் காற்றாலைப் படம். நம் முப்பந்தல் காற்றாலை போலவே இருந்தது. உள்ளே ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் உச்சபட்ச ஆண்டுச் சம்பளம் 18 லட்சம் என்று போட்டிருந்தது. அது எந்தத் துறைப் பிள்ளைக்குக் கிடைத்தது, எந்த வருடம், எத்தனை பேருக்கு என்று ஒன்றும் இல்லை. நான் கேட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் நல்ல பையன்தான், "சார், இப்போ எல்லா கம்பெனிக்கும் இது கம்பல்சரி ஆயாச்சு" என்றான். அது ஓரளவு உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. பங்குச் சந்தையில் உள்ள பெரிய 1000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கையைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி அமைப்பு 2021 மே மாதம் சொன்னது, 2022-23 நிதியாண்டில் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அறிக்கை கட்டாயம் என்பதும் நம் பிள்ளைக்கு நல்ல சம்பளத்தில் வேலை என்பதும் ஒன்றல்லவே. அன்றைக்கு அந்த இடைவெளி எனக்குப் புரியவில்லை.

கணக்குக்கு வருகிறேன். கட்டணமும் விடுதியும் சேர்த்து 8 லட்சம் கடன், வட்டி 10.5 சதவீதம். முதல் வருடம் 4 லட்சம், இரண்டாம் வருடம் 4 லட்சம் என்று வங்கி நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. படிக்கிற காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். கட்ட வேண்டாம் என்றதை வட்டி ஓடாது என்று நான் எடுத்துக்கொண்டேன். வட்டி ஓடியது, தனிவட்டியாக. முதல் 4 லட்சத்துக்கு மூன்று வருடம் 1,26,000, இரண்டாவது 4 லட்சத்துக்கு இரண்டு வருடம் 84,000. ஆக 2024 ஆகஸ்டில் முதல் தவணை வரும்போது கடன் 10,10,000 ஆகியிருந்தது. பத்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 13,628 ரூபாய்.

இப்போது இன்னொரு பக்கம். 2023 மே மாதம் படிப்பு முடிந்தது, நான்கு மாதம் தேடி செப்டம்பரில் சென்னையில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலை. சம்பளம் 24,000, பி.எஃப். பிடித்தது போகக் கையில் 21,600. சாப்பாட்டோடு பெண்கள் விடுதி 8,500, பஸ், போன் எல்லாம் சேர்த்து 2,500. மிச்சம் 10,600. தவணை 13,628. ஒரு சட்டை எடுக்காமல், ஒரு மாத்திரை வாங்காமல், தீபாவளிக்கு ஊருக்கு வராமல் இருந்தாலும் 3,000 ரூபாய் குறைகிறது. ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி ராத்திரி போன் வரும். எல்லாம் பேசி முடித்த பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அப்பா, இந்த மாசமும் ஒரு ஏழாயிரம் போட்டு விடுவீங்களா" என்பாள். பிள்ளை அதைக் கேட்க எவ்வளவு கூசினாள் என்பது எனக்குத்தான் தெரியும். இருபத்து மூன்று வயதில் வேலைக்குப் போய், வீட்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்க முடியாமல் வீட்டில் இருந்து வாங்குகிறோமே என்று ஒருமுறை அழுதே விட்டாள்.

ரப்பர்காரனுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். ஒக்கிக்குப் பிறகு என் தோட்டத்தில் வெட்டுக்கு நின்றது 160 மரம். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டு. மழை இல்லாத நல்ல மாதத்தில் 60 கிலோ ஷீட் வரும். கிலோ 180 என்று வைத்தால் 10,800. மாதம் முழுக்க விடியற்காலையில் எழுந்து வெட்டி, பால் எடுத்து, உறைய வைத்து, ரோலரில் அடித்து, புகைப்புரையில் காயப் போட்டு எடுத்த ஷீட் மொத்தத்தையும் கடையில் போட்டாலும் ஒரு தவணை நிறையாது. இலை உதிர்கிற மாதத்தில் வெட்டே கிடையாது, தவணைக்கு அந்த மாதம் என்று விலக்கு இல்லை.

இதை எழுதும்போது எனக்கே ஒன்று உறைக்கிறது. விழுந்த 110 மரத்துக்குப் பதில் கன்று வைக்கப் போனபோது நான் நர்சரிக்காரரை எத்தனை கேள்வி கேட்டேன்! ரப்பர் ரகத்தில் 105 வைக்கவா 430 வைக்கவா, எத்தனை வருடத்தில் வெட்டுக்கு வரும், பட்டை நோய் தாங்குமா, ஏக்கருக்கு எத்தனை கிலோ, அதுவரை ஊடுபயிராக வாழை வைத்தால் என்ன கிடைக்கும். ஏழு வருடம் கழித்துத்தான் பால் என்று தெரிந்து, அந்த ஏழு வருடத்துக்குச் சோற்றுக்கு வழி பார்த்துவிட்டுத்தான் கன்று வைத்தேன். ஒரு கன்றுக்குக் கேட்டதில் பாதியை 8 லட்சம் ரூபாய்ப் படிப்புக்குக் கேட்டிருந்தால் போதும். படிப்பு என்றவுடன் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நமக்கு. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது, பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் யாராவது சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

சம்பளம் ஏறாதா என்றால், ஏறுகிறது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் அந்த நிறுவனத்தில் இருந்தாள். குவாரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க 2006 அறிவிக்கையின்படி ஆய்வறிக்கை கொடுக்க வேண்டுமே, அந்த அறிக்கை தயாரிக்கிற இடம். காற்றில் தூசி அளக்கும் மெஷினை ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஏற்றி வைத்து, 24 மணி நேரம் ஓட விட்டு, கரண்டு போனால் ஜெனரேட்டர் பார்த்து, மறுநாள் அந்த வடிதாளைக் கைபடாமல் எடுத்து உறையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவாள். வெறும் தாளின் எடைக்கும் தூசி படிந்த தாளின் எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஊர்க்காரன் மூச்சில் போகிற தூசி என்று அவள் சொன்ன நாளில் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. நம் மாவட்டத்து ரோடுகளில் ராத்திரி பகல் என்று கல் லாரி போவதைப் பார்க்கிறவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். 2025 கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மாறினாள், சம்பளம் 38,000, கையில் 34,000. மின்சாரம், டீசல், தண்ணீர், கழிவு எல்லாவற்றுக்கும் மாதக் கணக்கு சேர்த்து அந்த செபி அறிக்கைக்குக் கொடுப்பது வேலை. இப்போது தவணையை அவளே கட்டுகிறாள். ஐரோப்பாவுக்கு இரும்பு, அலுமினியம், சிமென்ட் அனுப்புகிறவர்கள் அதைத் தயாரிக்கும்போது எவ்வளவு கரிவாயு வெளியேறியது என்ற கார்பன் கணக்கு காட்ட வேண்டும் என்ற விதி 2023 அக்டோபரில் தொடங்கி, 2026 ஜனவரியில் இருந்து போகிற சரக்குக்கு அங்கே இறக்குமதி செய்கிறவர்கள் பணம் கட்ட வேண்டிய கட்டத்துக்கு வந்திருக்கிறது. ஆள் தேவை கூடும் என்று அவளே சொல்கிறாள்.

ஆனால் பாருங்கள், சம்பளம் மெல்ல மெல்ல ஏறுகிறது, தவணை முதல் மாதமே முழுசாக வந்து நிற்கிறது. இந்தப் படிப்பில் சிக்கல் முழுவதும் அந்த முதல் இரண்டு, மூன்று வருடத்தில்தான். அந்த இடைவெளியைத் தாங்க வீட்டில் ஏதாவது இருந்தால் தப்பிக்கலாம். என்னிடம் 160 மரம் இருந்தது. ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? கடன் வாராக்கடனாகும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் கெடும், பிறகு அந்தப் பிள்ளை ஒரு பைக் வாங்கக்கூடக் கடன் கிடைக்காது.

எங்களுக்குத் தெரியாமல் போன இன்னொரு விஷயம், இதை எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். அப்போதைய விதிப்படி 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டாம். குடும்ப வருமானம் வருடம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழில்சார் படிப்பாக இருந்து, கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கிற நாக் அமைப்பின் அங்கீகாரம் உள்ள கல்வி நிறுவனமாக இருந்தால், பிணை இல்லாமல் வாங்கிய கடனுக்குப் படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் ஓடுகிற வட்டியை மத்திய அரசே கட்டும். எங்கள் வருமானம் அதற்குள்தான், பல்கலைக்கழகத்துக்கும் அங்கீகாரம் இருந்தது. நாங்கள் கேட்டது 8 லட்சம். வெறும் 50,000 ரூபாய் கூடக் கேட்டதால் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டியதாயிற்று, ரப்பர் நிலம் விவசாய நிலம் என்று வங்கி அதை எடுத்துக்கொள்ளவில்லை. கூடவே ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய் வட்டி மானியத்துக்கான வழியும் அடைபட்டது. அந்த 50,000ஐ நகையை வைத்துப் புரட்டியிருப்பேன். வங்கியில் இருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், ஆனால் ஒருவர்கூட "அண்ணாச்சி, ஏழரைக்குள் நிறுத்துங்க" என்று சொல்லவில்லை. படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வந்தால் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை குறைத்துத் தர வங்கிகளுக்கு இடம் உண்டு என்பதும் பிறகுதான் தெரிந்தது. முதல் வருடம் அது மாதம் 3,500 ரூபாய். ஒட்டுப்பால், அதாவது மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பால், விற்ற காசிலேயே பாதியைக் கட்டியிருக்கலாம்.

2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்று புதுத் திட்டம் வந்திருக்கிறது. தரவரிசையில் முன்னால் நிற்கும் 860 கல்வி நிறுவனங்கள் என்று சொல்லித் தொடங்கினார்கள். அந்தப் பட்டியலில் உள்ள இடத்தில் சேர்ந்தால் பிணை வேண்டாம், ஜாமீன் ஆள் வேண்டாம், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை, 3 சதவீதம் வட்டி மானியம். ஆக, சேரப் போகிற கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பட்டியலில் இல்லாத கல்லூரி, பெரிய கட்டணம், சஸ்டைனபிலிட்டி என்று கேட்க நன்றாக இருக்கிற பெயர், இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் தயவுசெய்து நின்று யோசியுங்கள்.

தவணைக் காலத்தை 15 வருடமாக நீட்டிக்கொள்ளலாம் என்று பலர் சொன்னார்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். மாதம் 11,165 ஆகிறது, 2,500 ரூபாய்தான் குறைகிறது, மொத்தமாகக் கட்டுவது 16.35 லட்சத்தில் இருந்து 20 லட்சத்துக்கு மேல் போகிறது. முதல் மூன்று வருடத்தைத் தாண்ட வேறு வழியே இல்லாதவர்கள் நீட்டிக்கலாம், சம்பளம் ஏறியதும் கூடுதலாகக் கட்டி முடித்துவிடலாம். கல்விக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை.

அப்புறம், இதே படிப்புக்கு இவ்வளவு செலவு ஆக வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் எனக்கு இப்போதும் மனசில் கிடந்து அறுக்கிற விஷயம். எங்கள் ஊரில் பால் வெட்டுக்குப் போகிற ஒருவரின் மகள், என் மகளுக்கு ஒரு வருடம் இளையவள், ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பரமகல்யாணி மையத்தில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படித்தாள். நம் ஊரில் இருந்து பஸ்ஸிலேயே போய்விடுகிற தூரம்தான். அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம், கடனே இல்லை. இன்றைக்குத் தண்ணீர் பரிசோதனை ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை, முதல் சம்பளம் 23,000. என் மகளின் முதல் சம்பளத்துக்கும் அதற்கும் ஆயிரம் ரூபாய் வித்தியாசம். அவள் முதல் வருடமே வீட்டுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தாள். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை இருக்கிறது, நமக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மலையாளம் தெரிந்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! இதெல்லாம் கண்காட்சியில் மேஜை போட்டு உட்காருவதில்லை, அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

புத்தகத்தின் அட்டையில் காற்றாலைப் படம் என்றேன் அல்லவா, அதைப் பார்த்தும் மயங்கினோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடிக்கிறது, ஆயிரக்கணக்கில் காற்றாலை சுற்றுகிறது, அங்கே வேலையே இல்லையா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். இருக்கிறது. சர்வீஸ் வேலைக்கு அவர்கள் கேட்பது எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் டிப்ளமோ, ஐ.டி.ஐ. உயரத்தில் ஏறி கியர்பாக்ஸ் பார்க்கத் தெரிந்த பையன் வேண்டும். பசுமை வேலை என்று பத்திரிகைகள் மொத்தமாகச் சொல்லுகிற கணக்கில் இந்தப் பையனும் வருகிறான், சோலார் பேனல் பொருத்துகிறவரும் வருகிறார். அத்தனையும் சஸ்டைனபிலிட்டி பட்டதாரிக்கு உள்ள வேலை என்று வாசிக்கிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கட்டுரை எழுதுகிறவர்கள் இதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். என் மகளோடு இப்போது வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் கெமிக்கல் என்ஜினியர்கள், ஒருவர் சி.ஏ. ஒரு அடிப்படைப் பட்டத்தின் மேல் ஆற்றல் தணிக்கை, கார்பன் கணக்கு என்று கற்றுக்கொண்டு வந்தவர்கள். எரிசக்தி மேலாளர், தணிக்கையாளர் தேர்வை மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு நடத்துகிறது, அதை எழுதியவருக்கு மதிப்பு இருக்கிறது.

வெளிநாடு பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் அடுத்த வீட்டுப் பையன் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. சஸ்டைனபிலிட்டி என்று கேட்டால் உடனே நாமும் போகலாமா என்று தோன்றும். 30 லட்சம் கடன், 11 சதவீதம், 15 வருடம் என்றால் மாதம் 34,000க்கு மேல் தவணை. அங்கேயே வேலை கிடைத்தால் கட்டலாம். படிப்பு முடிந்து தங்கி வேலை தேட இரண்டு வருடம் கொடுத்திருந்ததை 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதமாக்குகிறார்கள். அதற்குப் பிறகு அங்கே இருக்க வேண்டுமானால் திறன் பணியாளர் விசா, அதற்குப் பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையில் இருந்து வருடம் 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு 33,400. திரும்பி வந்தால் இங்கே கிடைப்பது நான் மேலே சொன்ன சம்பளம்தான். வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் சொன்ன பிறகும் இந்தப் படிப்பு வேண்டாம் என்று என் வாயில் வராது. 2022ல் சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் உலக அளவில் முக்கியமானவை என்ற ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அதைப் பாதுகாக்க, பறவை எண்ண, தண்ணீர் பார்க்கப் படித்த பிள்ளைகள் வேண்டாமா? கடலரிப்பில் வருடாவருடம் வீடு போகிறதே, மணவாளக்குறிச்சியில் மணல் எடுக்கிறார்களே, இதையெல்லாம் படித்துப் பேச நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வேண்டும். வேலை ஏராளமாகக் கிடக்கிறது, அதற்குச் சம்பளம் கொடுக்கிற இடம்தான் குறைவு. முதலமைச்சர் பெயரில் உள்ள பசுமை ஃபெல்லோஷிப்பில் உதவித்தொகை நல்லபடியாகக் கொடுக்கிறார்கள், ஆனால் மாநிலம் முழுவதற்கும் 40 பேர் அளவில்தான். இன்னொன்று சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் 1991ல் சொன்னதன் பேரில் எந்தப் பட்டப்படிப்பு ஆனாலும் சுற்றுச்சூழல் ஒரு கட்டாயப் பாடம். என் மகள் பி.எஸ்சி. படித்தபோது அந்த வகுப்பை எடுத்தவர் வேறொரு பாடத்து ஆசிரியை, பாவம், அவருக்கே அது கூடுதல் சுமை. கல்லூரிக்கு ஒரு சுற்றுச்சூழல் அறிவியல் பட்டதாரியை அந்தப் பாடத்துக்கென்று நியமித்தால் தமிழ்நாடு முழுக்க எத்தனை பேருக்கு நிலையான வேலை! உயர்கல்வித் துறை இதை யோசிக்க வேண்டும் என்று உங்கள் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்களிடம் கேட்பது. மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற கல்வி நிறுவனங்கள் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள், நடுச் சம்பளம் எவ்வளவு என்று எண்கள் கொடுக்க வேண்டும், அதைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். நடுச் சம்பளம் என்றால் நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்கிற பிள்ளை வாங்குவது. உச்சபட்ச 18 லட்சத்தை விட ஆயிரம் மடங்கு உபயோகமான எண் இது. நான் சேர்த்த பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் அது இருந்திருக்கிறது, மூலையில் ஒரு பி.டி.எஃப். கோப்பாக, நான் பார்க்கவில்லை. அதிலும் ஒரு குறை உண்டு, இரண்டு வருட முதுகலை என்று எல்லாத் துறையையும் மொத்தமாகக் கலந்து காட்டுவார்கள், கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளின் சம்பளத்துக்குள் சஸ்டைனபிலிட்டி பிள்ளைகளின் சம்பளம் மறைந்து போகும். அதனால் படிப்பு வாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். பெற்றோர் ஒருவர் கேட்டால் பதில் வராது, பத்திரிகை கேட்டால் வரும்.

உங்கள் கல்விப் பக்கத்தில் எந்தப் படிப்பைப் பற்றி எழுதினாலும் அதன் கட்டணம், அந்தக் கட்டணத்துக்குக் கடன் வாங்கினால் தவணை தொடங்கும் நாளில் கடன் எவ்வளவு ஆகியிருக்கும், மாதத் தவணை எவ்வளவு, முதல் வருடச் சம்பளம் எவ்வளவு, மூன்றாம் வருடம் எவ்வளவு என்று ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். வங்கிகளும் கையெழுத்து வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். என் கடன் பத்திரம் முழுக்க ஆங்கிலத்தில்தான் இருந்தது, கையெழுத்துப் போட்ட இடத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார்கள்.

மே மாதம் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மறுபடி கண்காட்சி நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் வந்தால் நல்லது. மகளின் முதல் சம்பளச் சீட்டும் கடன் கணக்கு அறிக்கையும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் நகல் அனுப்புகிறேன். பெயரை மறைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
ஒரு ரப்பர் விவசாயி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.